செயற்கை நுண்ணறிவின் அறம்: கூடும் அவையில் நம் இடம்

(கல்விக் கழக வெள்ளி விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

வெள்ளி விழா மேடையில் கழகத்தின் சாதனைகளை எடுத்துரைப்பது மரபு. எனக்கு முன் பேசிய பெரியோர்கள் அப்பணியைச் செவ்வனே நிறைவேற்றிவிட்டார்கள். ஒரு கரும்பலகையோடு தொடங்கிய மாலை வகுப்பு, இன்று பொறியாளர்களையும் செவிலியர்களையும் வழக்குரைஞர்களையும் ஈன்ற தாய்வீடாக விளங்குகிறது. அதனைக் கண்டு மகிழ்கிறேன். எனக்கு அளிக்கப்பட்ட தலைப்பு ‘செயற்கை நுண்ணறிவும் அறமும்’ என்பது. நான் வரலாறு பயின்று அரசுப் பள்ளியில் பாடம் நடத்தி வருபவன். கணினிப் பொறியாளன் அல்லேன். இத்தலைப்பில் ஒரு பள்ளித் தலைமையாசிரியனுக்கு என்ன வேலை என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். அவ்வினாவிற்கு விடை கூறுவதே என் உரையின் நோக்கம்.

முதலில் ஒரு பழைய செய்தி. எங்கள் ஊர்க் கர்ணத்தின் வீட்டுத் திண்ணைக்குக் கீழே, தெருவில் நின்றபடியே என் தந்தையார் அடங்கல் நகல் கேட்டதைச் சிறுவனாக உடனிருந்து கண்டிருக்கிறேன். ‘ஏட்டில் இல்லை’ என்று உள்ளிருந்து ஒரு குரல் வரும். அதற்குமேல் பேச்சில்லை. அந்த ஏட்டை எழுதியவர் யார், யாரைக் கேட்டு எழுதினார், எவரை விட்டுவிட்டு எழுதினார் என்று வினவ எங்களுக்கு உரிமை இல்லை. 1980-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் பரம்பரைக் கர்ணம், மணியக்காரர் பதவிகள் ஒழிக்கப்பட்டன. பின்னர்க் கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தனர். அன்று எங்கள் தெருவில் நிலவிய மகிழ்ச்சி இன்றும் என் நினைவில் உள்ளது.

செயற்கை நுண்ணறிவு என்பது என்ன? பல்லாயிரம் பழைய ஏடுகளைப் படித்து, அவற்றில் காணப்படும் ஒழுங்கைக் கண்டறிந்து, புதிதாக ஒருவர் வந்து நிற்கும்போது ‘இவர் இத்தகையவர்’ என்று கணித்துரைக்கும் எந்திரமே அது. நோய் கண்டறியவும், மொழிபெயர்க்கவும், பயிருக்கு வந்த நோயை இலையைப் பார்த்துச் சொல்லவும் அது பேருதவி புரிகிறது. அதனை நான் பழிக்க வரவில்லை. ஆயினும் அது கற்பது பழைய ஏடுகளிலிருந்து. அந்த ஏடுகளில் நம் பெயர் விடுபட்டிருந்தாலும், தவறாக எழுதப்பட்டிருந்தாலும், அந்த விடுபடலையும் தவற்றையும் சேர்த்தே கற்கும். கேட்டால், ‘ஏட்டில் இல்லை’ என்ற பழைய குரலே ‘கணினி சொல்லிவிட்டது’ என்று புது உருவில் வந்து நிற்கிறது.

இது கற்பனை அன்று. சென்ற ஆண்டு என் பழைய மாணவர் ஒருவர், பாலிடெக்னிக்கில் இயந்திரவியல் பட்டயம் பெற்றவர், ஒரு தொழிற்சாலை வேலைக்கு விண்ணப்பித்தார். நேர்முகத் தேர்வைச் செல்பேசியே நடத்தியது. திரையில் வினாக்கள் தோன்றின. அவர் பேசிய விடைகள் பதிவாயின. மறுநாள் ‘தாங்கள் தேர்ந்தெடுக்கப்படவில்லை’ என்று ஒரு வரிச் செய்தி வந்தது. காரணம் கேட்க வாயிற்கதவு வரை சென்றவரிடம், ‘மதிப்பெண் இட்டது கணினி, எங்களுக்கு ஒன்றும் தெரியாது’ என்று கூறி அனுப்பிவிட்டார்கள். அவர் என்னிடம் வந்து, ‘ஐயா, எனக்குத் தகுதி இல்லை போலும்’ என்றார். அச்சொல்தான் என்னை உறங்கவிடவில்லை. சாதியின் காரணமாகவே அவர் நீக்கப்பட்டார் என்று நான் கூறவில்லை. கூறுவதற்குச் சான்று இல்லை. சான்று கேட்பதற்கு வழியே இல்லை என்பதுதான் என் குறை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நம் கழகக் கட்டடத்தில் ஐவர் அமர்ந்தோம். பெங்களூரு எலக்ட்ரானிக் சிட்டியில் பணிபுரியும் நம் பிள்ளை ஒருவர், ‘இந்த மென்பொருள் யாருடைய நேர்முகங்களைக் கேட்டுக் கற்றது?’ என்று வினவினார். என் பள்ளியின் தமிழாசிரியர், ‘தேன்கனிக்கோட்டைப் பக்கத்துப் பேச்சில் தமிழோடு தெலுங்கும் கன்னடமும் கலந்து வரும், அந்தப் பேச்சை இந்த எந்திரம் என்றேனும் கேட்டிருக்குமா?’ என்றார். ஓசூர் நீதிமன்றத்தில் தொழில் புரியும் இளம் வழக்குரைஞர், ‘காரணத்தை எழுத்தில் கேட்டீர்களா? முடிவை ஒரு மனிதர் மறுஆய்வு செய்ய வழியுண்டா?’ என்றார். ஆலையில் முப்பதாண்டு உழைத்து ஓய்வு பெற்ற தொழிற்சங்கப் பெரியவர் கடைசியாகப் பேசினார்: ‘கடந்த பத்தாண்டுகளில் அந்த வாயில் வழியே நிரந்தர வேலைக்கு உள்ளே போனவர்களில் நம் தெருப் பிள்ளைகள் எத்தனை பேர்? குறைவாகப் போயிருந்தால், குறைவாக எடுப்பதே முறை என்று எந்திரம் கற்றிருக்குமே!’ நான் குறிப்பெடுத்தேன்.

அன்பர்களே, இந்நான்கு வினாக்களையும் ஒருவரே கேட்டிருக்க முடியுமா? பொறியாளருக்குத் தெருவின் கணக்குத் தெரியாது. தொழிற்சங்கப் பெரியவருக்கு மென்பொருளின் உள்ளமைப்புத் தெரியாது. நால்வரும் ஒரே மேசையில் அமர்ந்தபோதுதான் வினா முழுமை பெற்றது. நாங்கள் எழுதிய மடலுக்கு இதுவரை மறுமொழி இல்லை. அதன் படி நம் கழகத்தின் இரும்பு அலமாரியில் இருக்கிறது. அந்த மாணவர் இப்போது வேறோர் ஆலையில் ஒப்பந்தத் தொழிலாளியாகப் பணிபுரிகிறார். ஆனால் ‘எனக்குத் தகுதி இல்லை’ என்னும் சொல்லை அதன்பின் அவர் வாயிலிருந்து நான் கேட்கவில்லை.

நம் சிறிய மேசையில் நிகழ்ந்தது உலகின் பெரிய மேசைகளிலும் நிகழ்ந்திருக்கிறது. அமெரிக்காவில் 2019-ஆம் ஆண்டு ‘சயன்ஸ்’ இதழில் ஓர் ஆய்வு வெளிவந்தது. அங்கே மருத்துவமனைகள், எந்த நோயாளிக்குக் கூடுதல் கவனிப்புத் தேவை என்று முடிவு செய்ய ஒரு மென்பொருளைப் பயன்படுத்தின. அம்மென்பொருளில் இனம் பற்றிய விவரமே இல்லை. ஆதலால் அதில் பாகுபாடு இராது என்று நம்பினர். அதனை ஆராய்ந்த குழுவில் சியாத் ஓபர்மேயர் என்னும் மருத்துவர் இருந்தார். செந்தில் முல்லைநாதன் என்னும் பொருளியல் அறிஞரும் இருந்தார். பின்னவர் தமிழ்நாட்டுச் சிற்றூர் ஒன்றில் பிறந்து, ஏழாம் வயதில் அமெரிக்கா சென்றவர்.

அவர்கள் கண்டது என்ன? நோயின் கடுமையை நேரடியாக அளப்பதற்கு மாறாக, நோயாளிக்கு ஆகும் மருத்துவச் செலவை அம்மென்பொருள் கணித்தது. செலவு மிகுந்தவருக்கு நோயும் மிகுதி என்று கொண்டது. ஆனால் அந்நாட்டில் ஒரே அளவு நோயுடைய வெள்ளையரைவிடக் கறுப்பினத்தவருக்குக் குறைவாகவே செலவிடப்படுகிறது. ஆகவே எந்திரம் அவர்களை நலமுடையவர் என்று பட்டியலிட்டது. அந்த அளவுகோலைத் திருத்தினால், கூடுதல் கவனிப்புப் பெறும் கறுப்பின நோயாளிகளின் பங்கு 17.7 விழுக்காட்டிலிருந்து 46.5 விழுக்காடாக உயரும் என்று காட்டினர். செலவு என்னும் எண் உண்மையில் எதைக் குறிக்கிறது என்று கேட்கப் பொருளியல் அறிவு வேண்டும். நோயின் கடுமையை வேறு வழியில் அளக்க மருத்துவ அறிவு வேண்டும். இரண்டும் ஓரிடத்தில் கூடியதால் அந்தப் பிழை வெளிப்பட்டது.

இதனை நம் தெருவிற்குக் கொண்டுவந்து பாருங்கள். கையில் காசில்லாமல் மருத்துவமனைக்கே செல்லாத நம் பாட்டிமார்களை, செலவை மட்டும் பார்க்கும் எந்திரம் என்னவென்று கூறும்? நோயற்றவர் என்றல்லவா கூறும்! அவ்வாறே, விண்ணப்பத்தில் சாதி என்னும் கட்டம் இல்லாவிடினும், முகவரி இருக்கிறது. படித்த பள்ளி இருக்கிறது. அஞ்சல் எண் இருக்கிறது. 2025 ஏப்ரலில் தமிழக முதலமைச்சர், ‘காலனி’ என்னும் சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்கத்தக்க செயல். ஆயினும் புதிய ஆவணத்தில் அழித்த சொல், எந்திரங்கள் ஏற்கெனவே கற்ற பழைய தரவுகளில் தங்கியிருக்கக் கூடும். அரசமைப்புச் சட்டத்தின் 15-ஆம் பிரிவை அறிந்த வழக்குரைஞரும், தரவின் போக்கை அறிந்த கணினியாளரும், அத்தெருவில் வாழ்பவரும் கூடித்தான் அதனைத் தேடிக் கண்டுபிடிக்க இயலும்.

அருகிலுள்ள தெலங்கானாவில் நடந்ததைக் கூறுகிறேன். அங்கே பல துறைகளின் பதிவேடுகளைக் கணினி மூலம் ஒப்பிட்டு, தகுதியற்றவை என்று கருதப்பட்ட குடும்ப அட்டைகளை நீக்கினார்கள். ஏறத்தாழ 19 இலட்சம் அட்டைகள் நீக்கப்பட்டதை எதிர்த்து ஒரு சமூகச் செயற்பாட்டாளர் வழக்குத் தொடுத்தார். 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், களத்தில் நேரில் சென்று மறுஆய்வு செய்யுமாறு ஆணையிட்டது. பெயர் ஒற்றுமையால் யாரோ ஒருவரின் மகிழுந்து ஓர் ஏழைக் குடும்பத்தின் கணக்கில் ஏறி, அக்குடும்பம் அரிசியை இழந்தது போன்ற பிழைகளைப் பின்னர் இதழாளர்கள் ஊர் ஊராகச் சென்று கண்டு எழுதினர். அந்த ஊரின் ரேஷன் கடைக்காரரிடம் கேட்டிருந்தால், ‘அந்த அம்மாவிடம் மிதிவண்டிகூடக் கிடையாதே’ என்று ஒரு நொடியில் சொல்லியிருப்பார். அவரைக் கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. செயற்பாட்டாளரும் வழக்குரைஞரும் நீதிபதிகளும் இதழாளரும் பின்னால் வந்து செய்த பணியைத் தொடக்கத்திலேயே செய்திருந்தால் எத்தனை அடுப்புகள் அணையாமல் எரிந்திருக்கும்!

இதனை அறிஞர்களும் அரசுகளும் உணராமல் இல்லை. நம் தமிழ்நாட்டரசு 2020 செப்டம்பரிலேயே, பாதுகாப்பான, அறநெறி சார்ந்த செயற்கை நுண்ணறிவுக்கென ஒரு கொள்கையை வெளியிட்டது. ஓர் எந்திர முறையை மக்களிடையே புகுத்துமுன், அதன் வெளிப்படைத்தன்மை, பொறுப்புடைமை, நேர்மை ஆகியவற்றை மதிப்பிட வேண்டும் என்றும், தரவுகளில் இடம்பெறாதோர் நிலையையும் எண்ணிப் பார்க்க வேண்டும் என்றும் அது கூறுகிறது. 2021-இல் யுனெஸ்கோ நிறுவனத்தின் உறுப்பு நாடுகள் இத்துறையின் அறம் பற்றிய பரிந்துரையை ஏற்றன. அதே ஆண்டில் நித்யா சாம்பசிவன் முதலிய ஆய்வாளர்கள், பல துறைகளைச் சார்ந்த அறிஞர்களும் செயற்பாட்டாளர்களுமாக 36 பேரை நேர்கண்டு ஒரு கட்டுரை எழுதினர். மேலைநாட்டில் இனத்தை மனத்திற்கொண்டு வகுத்த நேர்மை அளவைகளை அப்படியே பெயர்த்து வந்து இந்தியாவில் நட்டால் பயனில்லை. இங்கே சாதியையும், தரவில் இடம்பெறாத மக்களையும் கருத வேண்டும் என்பது அதன் சாரம். சென்னை ஐ.ஐ.டி.யில் 2023-இல் பொறுப்பான செயற்கை நுண்ணறிவுக்கென ஒரு மையமும் தொடங்கப்பட்டது.

இவையெல்லாம் நல்ல முயற்சிகள். ‘ஊர் கூடித் தேர் இழுப்போம்’ என்பது நம் முன்னோர் மொழி. ஆனால் நாம் அந்த மொழியை எச்சரிக்கையோடு கேட்டுப் பழகியவர்கள். ஊர் கூடும், தேர் நகரும், வடத்தைத் தொட நமக்கு மட்டும் தடை இருக்கும். சிவகங்கை மாவட்டத்துக் கண்டதேவித் தேரின் வடத்தைப் பிடிக்கும் உரிமை நீதிமன்றம் வரை சென்றதை நாம் அறிவோம். ஆகவே ‘பல துறையாரும் கூட வேண்டும்’ என்று யாரேனும் சொல்லும்போது, நாம் உடனே கேட்க வேண்டிய வினா ஒன்று உண்டு. கூடுகிற அந்த அவையில் நம்மவர் எத்தனை பேர்? சட்டம் அறிந்தவராக, மொழி அறிந்தவராக, புள்ளியியல் அறிந்தவராக, பாதிக்கப்பட்டவராக, எந்த இருக்கையில் நாம் அமர்ந்திருக்கிறோம்?

பல துறைகளைக் கூட்டுவது நமக்குப் புதிதன்று. அயோத்திதாசப் பண்டிதர் சித்த மருத்துவர், தமிழறிஞர், பௌத்தச் சிந்தனையாளர், 1907-இல் தொடங்கிய தம் இதழை நடத்திய ஆசிரியர். நம் ஊரிலிருந்து தொலைவில் இல்லாத கோலார் தங்கவயலின் சுரங்கத் தொழிலாளர்கள் அவ்விதழின் வாசகர்களாக இருந்தனர். அண்ணல் அம்பேத்கரோ கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொருளியல் பயிலச் சென்றவர். 1916 மே திங்களில் அங்கே மானிடவியல் ஆய்வரங்கில் இந்தியாவின் சாதிகளைப் பற்றிக் கட்டுரை படித்தார். 1923-இல் ரூபாயின் சிக்கல் பற்றிய பொருளியல் நூலை வெளியிட்டார். இலண்டனில் வழக்குரைஞர் தகுதியும் பெற்றார். பொருளியல் மட்டும் பயின்றிருந்தால் சாதியை வேலைப் பங்கீடு என்று சொல்லிவிட்டுப் போயிருக்கக் கூடும். சட்டம் மட்டும் பயின்றிருந்தால் ஏட்டில் எழுதியதோடு அமைந்திருக்கக் கூடும். ஒரு துறையின் கண்ணுக்கு மறைந்ததை மற்றொரு துறையின் கண்ணால் கண்டவர் அவர். 1947 ஆகஸ்டு 29-ஆம் நாள் அமைக்கப்பட்ட வரைவுக் குழுவின் தலைமை இருக்கையில் அவர் அமர்ந்ததால் நம் வாழ்வில் என்ன மாறிற்று என்பதை இந்த மண்டபத்தில் எவருக்கும் நான் விளக்க வேண்டியதில்லை. அவையில் யார் அமர்கிறார் என்பது அத்துணை முதன்மையானது.

நம் எல்லைக்கு அப்பாலும் ஒரு பாடம் இருக்கிறது. அத்திப்பள்ளியை அடைந்தாலே கர்நாடகம். நம் பிள்ளைகள் பலர் அங்கே இருசக்கர ஊர்தியில் உணவும் பொருளும் கொண்டு சேர்க்கிறார்கள். எவருக்கு எந்த வேலை, எவ்வளவு கூலி, எவரை நீக்குவது என்பதைப் பெரும்பாலும் செல்பேசிச் செயலியே முடிவு செய்கிறது. கர்நாடக அரசு 2024 சூனில் இத்தொழிலாளர்களுக்கான சட்ட வரைவை வெளியிட்டு மக்கள் கருத்தைக் கேட்டது. 2025-இல் அது சட்டமாயிற்று. எந்திரம் தம்மை எவ்வாறு மதிப்பிடுகிறது என்று தொழிலாளர் விவரம் கேட்க அச்சட்டம் வழி செய்கிறது; வேலையிலிருந்து நீக்குமுன் எழுத்து வடிவில் காரணம் கூற வேண்டும் என்றும் விதிக்கிறது. தமிழ்நாட்டில் இத்தொழிலாளர்க்கென 2023-இல் நலவாரியம் அமைக்கப்பட்டது. கணக்குக் கேட்கும் உரிமையும் இங்கே வளர வேண்டும். ஒரு சுங்கச் சாவடியைத் தாண்டுவதற்குள் உரிமை மாறிவிடுகிறது என்பதை ஓசூர் இளைஞர்களைவிட நன்கு அறிந்தவர் யார்?

இளைஞர்களே, இப்போது என் தவறு ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் பயின்ற ஒரு மாணவி வரலாறு படிக்க விரும்பினார். ‘வரலாறு சோறு போடாது, கணினி படி’ என்று அவருடைய பெற்றோர் முன்னிலையில் நானே கூறினேன். வரலாற்று ஆசிரியனாகிய நானே கூறினேன்! இன்று அவர் ஒரு நிறுவனத்தில் எந்திரங்கள் கற்பதற்காகப் படங்களுக்குப் பெயர் குறிக்கும் பணியில் இருக்கிறார். ‘ஐயா, வீடு என்று ஒரு கட்டம், குடிசை என்று ஒரு கட்டம் தந்திருக்கிறார்கள். நம் தெரு வீடுகளைப் போன்ற படம் வந்தால் எதில் குறிப்பது என்று விளங்கவில்லை. எது வீடு என்று முடிவு செய்தவர் யார் என்று கேட்டேன். குறிப்பேட்டின்படி செய் என்றார்கள்’ என்றார். அவர் கேட்டது வரலாற்று மாணவியின் வினா. அந்தக் குறிப்பேட்டை எழுதும் இடத்தில் அவர் அமர்ந்திருக்க வேண்டும். பிழைப்புக்காகக் கணினி பயில்வது தவறன்று. அதனை மட்டுமே பயில வேண்டும் என்று நான் சொன்னது தவறு.

ஆகவே வெள்ளி விழாக் காணும் நம் கழகத்தின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன்.

முதலாவது, நம் உதவித்தொகை. பொறியியல் பயில்வோர்க்கே பெரும்பகுதி செல்கிறது. இனி ஆண்டுதோறும் சட்டம், புள்ளியியல், மொழியியல், வரலாறு, செவிலியம் பயிலும் பிள்ளைகளுக்கும் ஒரு பங்கை ஒதுக்க வேண்டும். பொறியியல் மாணவர்கள் சமூகவியல் நூல்களையும், சட்ட மாணவர்கள் கணினியின் அடிப்படையையும் பயில வகை செய்ய வேண்டும்.

இரண்டாவது, ஓர் ஏடு. நம் தெருக்களில் எவருக்கேனும் வேலை, கடன், குடும்ப அட்டை, உதவித்தொகை ஆகியவற்றுள் ஒன்றை எந்திரம் மறுத்தால், நாள், இடம், கொடுத்த விவரம், கிடைத்த மறுமொழி ஆகியவற்றை நம் கழகத்தில் பதிய வேண்டும். அரசு அலுவலகமாயின் 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி வினவலாம். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் இயற்றப்பட்டு, அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. அது படிப்படியாக நடைமுறைக்கு வருகிறது. ஒரு மறுப்பு தனியொருவரின் வருத்தம். நூறு மறுப்புகள் ஓர் ஏட்டில் சேர்ந்தால் அது சான்று. நம்மைப் பற்றிப் பிறரே ஏடு எழுதிய காலம் போதும்.

மூன்றாவது, ஒரு மேசை. ஒவ்வொரு மாதமும் கடைசி ஞாயிறு மாலை, நம் பொறியாளரும் வழக்குரைஞரும் செவிலியரும் ஆசிரியரும் ஆலைத் தொழிலாளியும் இக்கட்டடத்தில் ஒன்றாக அமர வேண்டும். பதிவேட்டில் உள்ள ஒன்றை எடுத்து, அவரவர் துறையின் வினாவைக் கேட்க வேண்டும். துப்புரவுப் பணி செய்யும் தாய்மாரும் அதில் அமர வேண்டும். முகத்தைக் காட்டி வருகைப் பதிவு செய்யும் எந்திரம் எப்போது பிழை செய்கிறது என்பதை அவர்களே அறிவார்கள். அங்கே பட்டம் பெற்றவர் பேசவும் பெறாதவர் கேட்கவும் என்று ஏற்பாடு செய்துவிடாதீர்கள். எங்கள் மேசையில் மிக ஆழமான வினாவைக் கேட்டவர் எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவர் என்பதை மறவாதீர்கள்.

என் தந்தையார் திண்ணைக்குக் கீழே நின்று கேட்டார். நான் பள்ளியில் நாற்காலியில் அமர்ந்து பதிவேடு எழுதுகிறேன். நீங்கள் எந்திரம் கற்கும் ஏட்டைத் திருத்தி எழுதும் அவையில் அமர வேண்டும். அந்த முதல் மேசை வரும் மாதக் கடைசி ஞாயிறு மாலை ஐந்து மணிக்குக் கூடும். இரும்பு அலமாரியின் சாவி என்னிடம் இருக்கிறது. நான் வந்து திறந்து வைக்கிறேன். அந்த மடலிலிருந்தே தொடங்குவோம்.

 ஜெய்பீம்!